பாதியில் நின்ற பி.இ. படிப்பை 33 வயதில் ஜெர்மனியில் தொடர முடியுமா?

கேள்வி: தொண்டாமுத்தூரான்

வணக்கம். கோவைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் 2009-இல் பி.இ. மெக்கானிக்கல் சேர்ந்தேன். நான்கு செமஸ்டர் முழுவதும் தேறினேன். ஐந்தாவதில் மூன்று அரியர். வீட்டுச் சூழலால் அத்துடன் படிப்பு நின்றது. அரியர் எழுதும் கால வரம்பும் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து பம்பு தயாரிக்கும் பட்டறையில் வேலை, இப்போது வடிவமைப்புப் பிரிவில். ஜெர்மன் மொழியில் பி2 நிலை (ஆறு நிலைகளில் நான்காவது) முடித்திருக்கிறேன். ஜெர்மனியில் ஒரு பயன்முறைப் பல்கலைக்கழகத்தில் (செய்முறைக்கு முக்கியத்துவம் தரும் வகை) இயந்திரப் பொறியியல் சேர ஆசை. முதல் வருடத்திலிருந்து தொடங்காமல் நடுவில் சேர முடியுமா? மூன்று கன்சல்டன்சியிலும் வயதைக் கேட்டதும் "எம்பிஏ பாருங்கள் சார்" என்கிறார்கள். பட்டமே இல்லாதவனுக்கு எம்பிஏ எப்படி என்று கேட்டால் பதில் இல்லை. மனைவியும் ஆறு வயது மகளும் இருக்கிறார்கள்.

பதில்: மலைக்கோட்டை

சேர்க்கைக்கு ஜெர்மனியில் வயது வரம்பு இல்லை தம்பி. பட்டம் எதற்கு? 2024-இல் வந்த வாய்ப்பு அட்டையில், அதாவது வேலை தேடுவதற்கென்றே தரும் அனுமதியில் போய் வேலை தேடிக்கொள்ளலாமே.

பதில்: டோர்ட்முண்டில் ஒருவன்

மலைக்கோட்டை ஐயா, வாய்ப்பு அட்டைக்கு முடித்த பட்டமோ, குறைந்தது இரண்டாண்டு தொழிற்கல்வியோ வேண்டும். முடிக்காத பி.இ. அதில் செல்லாது. அவர் கேட்டது சரியான வழிதான்.

தொண்டாமுத்தூரான், உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து அந்த நான்கு செமஸ்டர். நம் பிளஸ் டூ மட்டும் இருந்தால் பொதுவாக அங்கே நேரடிச் சேர்க்கை கிடையாது. ஓராண்டு ஆயத்தப் படிப்பு படிக்க வேண்டும், அல்லது ஜேஇஇ அட்வான்ஸ்டு தேறியிருக்க வேண்டும். பிளஸ் டூவுக்குப் பிறகு அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் ஓராண்டு வெற்றிகரமாகப் படித்தவருக்கு அதே துறையில் நேராகச் சேரும் தகுதி உண்டு. முதல் ஆண்டில் உங்களுக்கு அரியர் இல்லை என்பது இங்கேதான் கைகொடுக்கிறது. ஐந்தாம் செமஸ்டர் அரியரை மறைக்காதீர்கள். எல்லா மதிப்பெண் பட்டியலும் போகட்டும்.

நடுவில் சேர்வது வேறு கதை. எந்தப் பாடத்துக்கு மதிப்பு தருவது என்பதை அந்தத் துறையின் தேர்வுக் குழு முடிவு செய்யும். அவர்கள் பார்ப்பது பாடத்தின் பெயரை அல்ல, உள்ளடக்கத்தை. ஓர் உதாரணம்: நம் 'இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ்' ஒரே பாடத்தில் நிலையியலையும் இயங்கியலையும் முடித்துவிடுகிறது. அங்கே 'டெக்னிஷே மெக்கானிக்' பெரும்பாலும் மூன்று பகுதி: நிலையியல், பொருள் வலிமை, இயங்கியல். முதல் பகுதிக்கும், 'ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்' பாடத்தைக் காட்டி இரண்டாம் பகுதிக்கும் கேட்கலாம். மூன்றாவதை மறுபடி எழுதச் சொன்னால் சண்டை போடாதீர்கள். கிரெடிட்டையும் ஒன்றுக்கு ஒன்று என்று எண்ண வேண்டாம். அங்கே ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் புள்ளி, ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. நம் பாடத்திட்டத்தில் ஒவ்வொரு பாடத்தின் எதிரே இருக்கும் எல், டி, பி, சி கட்டங்களில் விரிவுரை, பயிற்சி, செய்முறை நேரமும் கிரெடிட்டும் இருக்கும். அதை வைத்து மணிக்கணக்கை எழுதி ஒப்பீட்டு அட்டவணை ஒன்று செய்து, முத்திரையிட்ட பாடத்திட்ட நகலுடன் அனுப்புங்கள். நான்கு செமஸ்டருக்கும் முழு மதிப்பு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நேராக மூன்றாம் செமஸ்டரில் இடம் கிடைத்தாலே நல்ல பலன்.

இன்னொன்று: 2009-இல் கோவைப் பக்கப் பொறியியல் கல்லூரிகள் பெரும்பாலும் தனியாக இயங்கிய கோவை அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 2012-இல் அது சென்னை அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. உங்கள் மதிப்பெண் பட்டியலில் இன்று இல்லாத பெயர் அச்சாகியிருக்கும். டிரான்ஸ்கிரிப்ட் (எல்லா செமஸ்டர் மதிப்பெண்களின் அதிகாரபூர்வத் தொகுப்பு) வாங்கும்போதே இணைப்பு பற்றி ஒரு கடிதமும் கேட்டு வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் நம் கல்விச் சான்றுகளை ஜெர்மனிக்காகச் சரிபார்க்கும் ஏபிஎஸ் மையத்திலேயே கேள்வி வரும். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் சான்றிதழ் இல்லாமல் பொதுவாக விசா இல்லை.

பட்டறை அனுபவச் சான்றிதழில் என்னென்ன இயந்திரத்தில் என்ன வேலை செய்தீர்கள் என்று விவரமாக எழுதி வாங்குங்கள். பல பயன்முறைப் பல்கலைக்கழகங்கள் சேரும் முன் சில வாரத் தொழிற்சாலைப் பயிற்சி கேட்கும், அதற்கு இது ஈடாகலாம். பி2 போதாது. ஜெர்மன் வழிப் படிப்புக்குப் பெரும்பாலும் டெஸ்ட்டாஃப் தேர்வில் நான்கு பிரிவிலும் 4 கேட்பார்கள்.

தொண்டாமுத்தூரான்

மிக்க நன்றி அண்ணா. பெயர் விஷயம் உண்மைதான், பட்டியலில் கோவை என்றே இருக்கிறது. பணம் எவ்வளவு காட்ட வேண்டும்? குடும்பத்தைக் கூட அழைத்துப் போகலாமா?

பதில்: எல்பே ஆற்றங்கரை

நான் 34-இல் வந்தவள், அதனால் வயது தொடர்பான பகுதியை மட்டும் சொல்கிறேன். பிளாக்டு அக்கவுண்டில் (முன்கூட்டியே போட்டு மாதாமாதம் மட்டும் எடுக்கக்கூடிய கணக்கு) ஓராண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. இது 2024 செப்டம்பரில் வந்த தொகை. விண்ணப்பிக்கும் நாளில் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ.

ஏஜென்ட்கள் சொல்லாதது மருத்துவக் காப்பீடு. மாணவர்களுக்கான மலிவான அரசுக் காப்பீடு 30 வயதோடு முடிகிறது. அதற்கு மேல் புதிதாக வருபவர் தனியார் காப்பீடுதான் எடுக்க வேண்டியிருக்கும். பயணக் காப்பீட்டை 'மாணவர் காப்பீடு' என்று சொல்லி விற்பார்கள், மலிவாக இருக்கும், வாங்காதீர்கள். பல்கலைக்கழகமும் வெளிநாட்டவர் அலுவலகமும் அதை ஏற்காமல் போகலாம். பின்னாளில் மனைவி அங்கே காப்பீட்டுக்கு உட்பட்ட வேலைக்குச் சேர்ந்து, உங்கள் வருமானம் வரம்புக்குள் இருந்தால், அவருடைய அரசுக் காப்பீட்டில் நீங்களும் மகளும் சேர வழி உண்டு.

குடும்ப விசாவுக்கு மனைவிக்குப் பொதுவாக ஏ1 (தொடக்க நிலை) ஜெர்மன் வேண்டும், போதிய வீட்டிடமும் மூன்று பேருக்கான வருமானமும் காட்ட வேண்டும். மாணவர் கையில் அது முதல் வருடம் அரிது. முதலில் நீங்கள் மட்டும் போவது நல்லது. மனைவி இப்போதே ஜெர்மன் வகுப்பில் சேரட்டும்.

பதில்: டோர்ட்முண்டில் ஒருவன்

விசாவுக்கான விளக்கக் கடிதத்தில் "இளமையில் வாய்ப்பு கிடைக்கவில்லை" என்று உருக வேண்டாம். பம்பு வடிவமைப்பில் எந்த இடத்தில் தடைப்பட்டு நிற்கிறீர்கள், எந்தப் பாடம் அதைத் திறக்கும் என்று எழுதுங்கள். குளிர்கால செமஸ்டருக்குக் கடைசி நாள் பெரும்பாலும் ஜூலை 15. நடுவில் மேல் செமஸ்டரில் சேர்வதற்குத் தேதி மாறும், அந்தந்தத் துறைக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். அதே மின்னஞ்சலில் ஒப்பீட்டு அட்டவணையையும் இணைத்துவிடுங்கள்.

தொண்டாமுத்தூரான்

திங்கட்கிழமை டிரான்ஸ்கிரிப்ட்டுக்கு விண்ணப்பிக்கிறேன். அட்டவணையின் முதல் வரைவை இங்கேயே போடலாமா அண்ணா?

டோர்ட்முண்டில் ஒருவன்

போடுங்கள். பாடத்திட்டப் பக்கங்களையும் சேர்த்துப் போடுங்கள், மணிக்கணக்கைப் பார்த்துச் சொல்கிறேன்.