பழனி நடைக்கு முன்னால் பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

கானாடுகாத்தான் பையன்:
அப்பச்சிக்கு 64 வயது. தினமும் காலையில் ஒரு மாத்திரை, அதில் டெல்மிசார்டன் 40, கூடவே நீர் பிரிய வைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5. போன வாரம் பார்த்தபோது 124/78. நார்மல் ஆகிவிட்டது, இனி எதற்கு என்கிறார்கள். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் இருந்து காவடியோடு நடக்கப் போகிறார்கள், வழியில் அடிக்கடி ஒதுங்க முடியாது, அதனால் இப்போதே நிறுத்துகிறேன் என்று ஒரே பிடிவாதம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை அயித்தான்:
தாராளமாக நிறுத்தலாம் தம்பி. நானும் அதே மாத்திரைதான். போன வருடம் சிங்கம்புணரி தாண்டியதும் விட்டவன், பழனி போய்ச் சேரும் வரை தொடவில்லை, ஒன்றும் ஆகவில்லை. நாள் முழுக்க நடக்கிற உடம்புக்கு பிரஷர் தானே இறங்கும். ஆயுள் முழுக்க, ஆயுள் முழுக்க என்று சொல்லியே நம்மை மருந்துக்கடைக்கு எழுதி வைத்துவிட்டார்கள்.

புதுவயல் மருந்துக்கடை:
அண்ணே, பழனியில் பிரஷரை அளந்து பார்த்தீர்களா? அளக்காமல் ஒன்றும் ஆகவில்லை என்று எப்படிச் சொல்வது? டெல்மிசார்டன் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். நிறுத்தினால் பிரஷர் அன்றைக்கே எகிறாது, நாட்கணக்கில் மெல்ல ஏறும், ஏறுவது பெரும்பாலும் நமக்குத் தெரியாது. 124/78 என்பது மாத்திரை உள்ளே இருக்கும்போது வந்த அளவு, மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம். இன்னொன்று, இதைப் படிக்கிற எல்லாரும் டெல்மிசார்டன் சாப்பிடுவதில்லை. அடினோலால், மெட்டோப்ரோலால், குளோனிடின் போன்றவற்றைச் சட்டென்று விட்டால் பிரஷரும் நாடித்துடிப்பும் எகிறும், இதய நோய் உள்ளவருக்கு மாரடைப்பு வரை போகலாம். அண்ணன் விட்டார், நானும் விடுகிறேன் என்று கிளம்புகிறவர் பையில் எந்த மாத்திரை இருக்கிறதோ யாருக்குத் தெரியும்.

தேவகோட்டை அயித்தான்:
அளக்கவில்லை, சரி. ஆனால் நடந்து பார்த்தவன் சொல்கிறேன். தை மாதம் விடியற்காலை பனி, பத்து மணிக்கு மேல் நத்தம் ரோட்டில் வெயில் சுள்ளென்று அடிக்கும். வேர்வை ஒரு பக்கம், நீர் மாத்திரை ஒரு பக்கம், உடம்பில் தண்ணீர் எங்கே நிற்கும்? எங்கள் கூட்டத்தில் ஒருவர் உட்கார்ந்து எழுந்தவர் கண் இருட்டி அப்படியே சரிந்தார். மாத்திரையை ஒரு நாள் தவறாதவர். அதற்கு என்ன பதில்?

பள்ளத்தூர் ஆச்சி:
நான் பல வருடம் நர்ஸாக இருந்தவள். தேவகோட்டைத் தம்பி கேட்பது நியாயமான கேள்வி, அதை மழுப்பக் கூடாது. வேர்வையில் நீரும் உப்பும் போகும்போது ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தால் பிரஷர் தாழும், சோடியம் குறையும், வாந்தி பேதி வந்துவிட்டால் இன்னும் மோசம். நடக்கும் நாட்களுக்கு நீர் மருந்து சேராத வெறும் டெல்மிசார்டன் எழுதலாமா, அப்படியே தொடரலாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். அதைக் கிளம்பும் முதல் நாள் போய்க் கேட்கக் கூடாது. சில வாரம் முன்னாலேயே போய், ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சோடியம், பொட்டாசியம் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

ஆனால் மாத்திரையை விடுவதைவிட எனக்குப் பெரிய பயம் வலி மாத்திரைதான். முழங்கால் வலி என்று உட்கார்ந்தால் போதும், ஆளுக்கு ஆள் டைக்ளோபினாக் நீட்டுவார்கள். டெல்மிசார்டன், நீர் மருந்து, இரண்டுக்கும் மேல் டைக்ளோபினாக்கோ இபுப்ரோபெனோ, அதுவும் தண்ணீர் வற்றிய உடம்பில் என்றால், சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தம் குறைந்து அது திடீரென்று பழுதாகலாம். பிரஷரையும் அது ஏற்றும். வலிக்கு பாராசிட்டமால் எவ்வளவு போடலாம் என்று டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். அப்புறம் அந்த லோ சோடியம் உப்பு. டெல்மிசார்டன் சாப்பிடுகிறவர் கேட்காமல் அதைத் தொடக் கூடாது, சோடியத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக அதில் இருப்பது பொட்டாசியம், ரத்தத்தில் மிஞ்சினால் இதயத் துடிப்பையே குலைக்கும்.

தேவகோட்டை அயித்தான்:
ஆச்சி, வலி மாத்திரை பற்றிச் சொன்னதை எங்கள் நடைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். ஆனாலும் ஆயுள் முழுக்க என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம் எல்லாம் குறைத்து, எடையும் இறங்கி, மாத்திரை நின்றவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

புதுவயல் மருந்துக்கடை:
அதை யார் மறுத்தது? உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படிக் குறைத்து, எடையும் இறங்கி, வீட்டில் எடுத்த அளவு தொடர்ந்து 135/85க்கு நன்றாகக் கீழே நின்றால், அந்தக் குறிப்பைப் பார்த்து டாக்டரே படிப்படியாகக் குறைப்பார். நாமாக நிறுத்துவதும் அதுவும் ஒன்றில்லை. அளக்கும்போது ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கால் தரையில் படிய, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். காலையில் மாத்திரைக்கு முன்னால் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை.

கடையில் அடிக்கடி பார்க்கிற இன்னொரு விஷயம். 2021இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கே வருகிற அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரையும் சாப்பிடுவார்கள், தனியார் டாக்டர் வேறு கம்பெனிப் பெயரில் எழுதிய அதே அம்லோடிபினும் சாப்பிடுவார்கள். ஒரே மருந்து இரட்டை அளவு. அட்டையைத் திருப்பி, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள்.

கானாடுகாத்தான் பையன்:
டாக்டரிடம் வர அப்பச்சி சம்மதித்துவிட்டார்கள். நீர் மருந்தை மாற்றித் தந்தால் ஒழுங்காகச் சாப்பிடுவார்களாம். அளக்கிற மிஷினையும் நடைக்கு எடுத்துப் போகிறோம். வழியில் அளவு தாறுமாறாக வந்தால் என்ன செய்வது ஆச்சி?

பள்ளத்தூர் ஆச்சி:
நடந்து வந்த கையோடு அளக்காதீர்கள், உட்கார்ந்து ஓய்ந்த பிறகு பாருங்கள். தலைசுற்றலோடு மேல் அளவு 100க்குக் கீழே வந்தால் நிழலில் படுக்க வைத்து, காலை உயர்த்தி, தெளிவாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள், அடுத்த மாத்திரைக்கு முன்னால் டாக்டருக்குப் போன் போடுங்கள். 180/120க்கு மேல் வந்து நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், கை கால் மரத்துப்போவது ஏதாவது இருந்தால் 108. அந்த அடையாளங்கள் இருந்தால் அளவு எதுவாக இருந்தாலும் 108தான். ஒரு வேளை மாத்திரை மறந்தால் அன்றைக்குள் நினைவு வரும்போது போடலாம், மறுநாள் வந்துவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். டாக்டர் சீட்டைப் படம் எடுத்து அப்பச்சி போனிலும், கூட நடக்கிற ஒருவர் போனிலும் வைத்துவிடுங்கள்.