பத்தாவது இங்கிலீஷ்ல பிள்ளைங்ககிட்ட என்னதான் எதிர்பாக்குறாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க

கீரனூர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணு கவர்மெண்ட் ஸ்கூல்ல தமிழ் மீடியம், இந்த வருஷம் பத்தாவது. மத்த சப்ஜெக்ட்ல எல்லாம் எழுபது எண்பதுன்னு வாங்கிடுறா, காலாண்டுல இங்கிலீஷ் மட்டும் 41. ட்யூஷன்ல கைடு வாங்கி அதுல இருக்குற பாரா பதிலை எல்லாம் மனப்பாடம் பண்ணச் சொல்றாங்க, அவளும் ராத்திரி உக்காந்து அந்த கடல்பறவை குஞ்சு முதல் தடவை பறக்குற பாடத்தை கண்ணை மூடிட்டு கடகடன்னு ஒப்பிக்கிறா, சரிடி அது ஏன் பறக்க பயந்துச்சுன்னு நான் தமிழ்ல கேட்டா "அது பாராவுல எங்கம்மா வரும்"னு என்னையே திருப்பி கேக்குறா. எங்க காலத்துல ஃபர்ஸ்ட் பேப்பர் செகண்ட் பேப்பர்னு ரெண்டு இருந்துச்சு, இப்போ ஒண்ணுதான்னு சொல்றா. அந்த ஒரு பேப்பர்ல என்னென்ன கேப்பாங்க, எதை உக்காந்து படிக்கணும், எதை படிக்காமலே எழுதலாம்னு யாராவது புரியுற மாதிரி சொல்லுங்களேன். நான் பன்னெண்டாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன்.

சிவப்பு மை:
நான் கவர்மெண்ட் ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சர்மா. ரெண்டு பேப்பரை ஒண்ணாக்கினது 2019-20லேர்ந்து. இப்போ 100 மார்க், மூணு மணி நேரம், அதுக்கு முன்னாடி கேள்வித்தாள் படிக்க பத்து நிமிஷம் தனியா குடுப்பாங்க. பாஸுக்கு 35.

பேப்பர் நாலு பார்ட். முதல்ல ஒன் வேர்ட் 14, அர்த்தச் சொல் எதிர்ச்சொல்லே அதுல ஆறு போயிடும், மீதி ப்ளூரல், ப்ரிஃபிக்ஸ், ப்ரிபோசிஷன், டென்ஸ் இந்த மாதிரி. ரெண்டாவது பார்ட் ரெண்டு மார்க் கேள்வி பத்து. மூணாவதுதான் பெரிய தலை, அஞ்சு மார்க் கேள்வி பத்து எழுதணும், பாதி மார்க் அங்கேயே இருக்கு. கடைசி பார்ட்ல எட்டு மார்க் ரெண்டு.

இப்போ நீங்க கேட்ட விஷயத்துக்கு வரேன். உங்க பொண்ணு ராத்திரி உக்காந்து படிக்கிற அந்த பாடப் பாரா இருக்கே, உரைநடையில ரெண்டு எழுதணும், 10 மார்க். போயம் பக்கம் ரெண்டு, அது ஒரு 10. ஆனா 39லேர்ந்து 44 வரைக்கும் ஆறு கேள்வி வரும்: விளம்பரம், லெட்டர், நோட்டீஸ், படத்தைப் பாத்து எழுதுறது, நோட்ஸ் இல்லன்னா சம்மரி, ஸ்பாட் தி எரர்னு வாக்கியத்துல தப்பைக் கண்டுபிடிச்சு திருத்துறது. இதுல நாலு எழுதணும், 20 மார்க். இதுக்கு புக்கையே தொறக்க வேண்டாம். 47வது கேள்வியில ஒரு பத்தியோ கவிதையோ குடுத்து அதுக்கு கீழேயே கேள்வி கேப்பாங்க, பதில் அந்தப் பத்திக்குள்ளயே இருக்கும், 8 மார்க். ரோடு மேப், அதாவது மேப்பைப் பாத்து வழி சொல்றது, 2 மார்க். ஆக்டிவ் பேசிவ், டைரக்ட் இன்டைரக்ட், பஞ்சுவேஷன் அந்த செட்டுல மூணு எழுதினா 6. கூட்டிப் பாருங்க, 36 வந்துடுச்சு, பாடம் ஒண்ணைக்கூட மனப்பாடம் பண்ணாம. 41 வாங்குற பொண்ணு எங்க கோட்டை விடுதுன்னு தெரியணும்னா காலாண்டு பேப்பரை எடுத்து இந்த எடத்துல என்ன மார்க் விழுந்திருக்குன்னு முதல்ல பாருங்க, நிறைய பசங்க பாராவுக்கே நேரத்தை கொட்டிட்டு இந்தப் பக்கம் வரும்போது பெல் அடிச்சிடும்.

பாலிடெக்னிக் பாண்டி:
டீச்சர் சொல்றது சரிதான் ஆனா மனப்பாடத்தை ரொம்ப இளக்காரமா பேசாதீங்க. எங்க ஊர்லயும் எங்க வீட்லயும் இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கவே ஆள் கெடையாது, எனக்கு லெட்டர்ல "டியர் சார்"க்கு மேல ஒரு வரி சொந்தமா எழுத வராது, அப்போ என்னை கரையேத்துனது மெமரி போயமும் நாலு பாராவும்தான். சொந்தமா எழுதுன்னு சொல்றது ஈஸி, எழுத ஒரு வாக்கியமாவது உள்ள இருக்கணும்ல? அந்த வாக்கியம் எங்கேர்ந்து வரும், மனப்பாடம் பண்ணதுலேர்ந்துதான் வரும். அக்கா, பாராவை நிப்பாட்டாதீங்க, கொறைச்சுக்கச் சொல்லுங்க அவ்ளோதான்.

சிவப்பு மை:
தம்பி, மெமரி போயத்தை நான் ஒண்ணும் சொல்லலையே. 45வது கேள்வி அது, கட்டாயம் எழுதணும், சாய்ஸ் கெடையாது, அடி மாறாம கமா ஸ்பெல்லிங்கோட எழுதணும், அதை மனப்பாடம் பண்ணாம வேற எப்படி. நான் சொல்றது பாடப் பாராவை. கைடுல "கடல்பறவைக் குஞ்சு எப்படி பறக்கக் கத்துக்கிச்சு"ன்னு ஒரு பாரா இருக்கும். கேள்வியில "குஞ்சை பறக்க வைக்க அம்மா என்ன பண்ணுச்சு"ன்னு கேட்டா அதே பாராவை முதல் வரியிலேர்ந்து எழுதிட்டு வருவாங்க, அம்மா மீனை வாயில வச்சுகிட்டு கிட்ட வந்து குடுக்காம நிக்கிற எடம் வரவே வராது, வந்தாலும் கடைசி வரியில. கேள்விக்கான பதில் அந்த ஒரு காட்சிதான். திருத்துற ஆளுக்கு மனசிருந்தாலும் முழு மார்க் எப்படி போடுறது?

கதையை முதல்ல தமிழ்ல சொல்லச் சொல்லுங்கம்மா. அப்புறம் இங்கிலீஷ்ல எட்டு சின்ன வாக்கியம். அதை மனப்பாடம் பண்ணட்டும், பாண்டி தம்பி சொல்ற மாதிரி. தான் எழுதினதை மனப்பாடம் பண்ணா வரி மறந்தாலும் கதை மறக்காது.

மாடி ட்யூஷன்:
நான் ட்யூஷன் எடுக்குறேன், திட்டாதீங்க 😀 பேரண்ட்ஸ் முதல் நாளே "எத்தனை பாரா முடிச்சீங்க"ன்னுதான் கேக்குறாங்க, லெட்டர் எழுதப் பழக்கினேன்னு சொன்னா பாடம் நடத்தலைன்னு நினைக்கிறாங்க, நாங்க என்ன பண்றது.

ஸ்பாட் தி எரர் அஞ்சு மார்க், எல்லாரும் விட்டுட்டு ஓடுறது, ஆனா அதுல திரும்பத் திரும்ப வர்றது கொஞ்சம்தான். "ஒன் ஆஃப் தி"ன்னு வந்தா பின்னாடி வர்ற பெயர் பன்மையா இருக்கணும். "தோ"ன்னு ஆரம்பிச்சா நடுவுல "பட்" வரக்கூடாது. "சீனியர்" பின்னாடி "தேன்" கெடையாது "டு". "ஹவர்", "ஹானஸ்ட்" முன்னாடி "ஆன்", ஆனா "யுனிவர்சிட்டி" முன்னாடி "எ", எழுத்தைப் பாக்கக்கூடாது சத்தத்தைக் கேக்கணும். "டிஸ்கஸ் அபவுட்"னு வந்தா "அபவுட்"ட அடிச்சுடு. இதை பழைய பேப்பர்லேர்ந்து எடுத்து எழுதி செவுத்துல ஒட்டிட்டா போதும். படத்துக்கு அஞ்சு வாக்கியம், கண்ணுக்கு தெரியுறதை எழுதினா போதும், மரம் நடுறாங்களா, யார் நடுறாங்க, எதுல தண்ணி ஊத்துறாங்க. பசங்க உடனே "ட்ரீஸ் ஆர் வெரி இம்பார்ட்டண்ட்"னு கட்டுரைக்குப் போயிடுறாங்க, அங்க போய் கிராமர்ல மாட்டிக்கிறாங்க.

விளம்பரத்துக்கு கட்டம் போடச் சொல்லுங்க, கடை பேரு பெருசா, ஆஃபர், அட்ரஸ். லெட்டர்ல ஃப்ரம், டு, தேதி, உறையில அட்ரஸ் வரைக்கும் விடாம எழுதணும்.

இலுப்பூர் ராஜி:
குறுக்க ஒரு கேள்வி. பேசுறதுக்கு மார்க் எதுவும் இல்லையா? என் தம்பி 88 வாங்கினான், கூரியர்காரர் இங்கிலீஷ்ல போன் பண்ணா என்கிட்ட குடுத்துட்டு ஓடிடுறான்.

சிவப்பு மை:
பத்தாவதுல பேச்சுக்கு ஒரு மார்க் கூட கெடையாது ராஜி, நூறும் எழுத்துதான். புக்ல ஒவ்வொரு யூனிட்லயும் லிசனிங், ஸ்பீக்கிங் பயிற்சி இருக்கு, நல்லாவே இருக்கு, ஆனா பப்ளிக்ல வராததை நவம்பருக்கு மேல எந்த ஸ்கூல்லயும் தொட மாட்டாங்க. என் க்ளாஸ்லயும் ரிவிஷன் ஆரம்பிச்சா அதுக்கு பீரியட் இல்ல. எனக்கு இதுல கோவம் உண்டு, ஆனா கேள்வித்தாள் எப்படியோ க்ளாஸும் அப்படித்தான் நடக்கும்.

கீரனூர்க்காரி:
டீச்சர் ரொம்ப நன்றி. காலாண்டு பேப்பரை எடுத்துப் பாத்தோம். நீங்க சொன்ன மாதிரியேதான், லெட்டர் ஃப்ரம் டு போட்டதோட நிக்கிது, ஸ்பாட் தி எரர் தொடவே இல்ல, 47 பாதியில நிக்கிது. பாரா ரெண்டும் பக்கம் பக்கமா இருக்கு, ரெண்டுக்கும் சேர்த்து 5 மார்க். ரோடு மேப் எழுதியிருக்கா ஆனா பூஜ்யம் போட்டிருக்காங்க, அது மட்டும் ஏன்னு எனக்குப் புரியல, பஸ் ஸ்டாண்ட், பேங்க் எல்லாம் எழுதியிருக்காளே?

சிவப்பு மை:
லெஃப்ட் ரைட் மாறியிருக்கும் பாருங்க. பேப்பரைப் பாக்குற நமக்கு எது லெஃப்டோ அதை எழுதிடுவாங்க, ஆனா மேப்ல நடக்குற ஆள் கீழ்ப்பக்கமா வந்துகிட்டிருந்தா அவருக்கு அது ரைட். பேப்பரை சுத்திப் பிடிச்சு, அம்புக்குறி எப்பவும் தனக்கு முன்னாடி மேல்நோக்கி இருக்குற மாதிரி வச்சுகிட்டு எழுதச் சொல்லுங்க. அப்புறம் "கோ ஸ்ட்ரெயிட்", "டேக் எ லெஃப்ட்", "தி பேங்க் இஸ் ஆன் யுவர் ரைட்" இந்த மாதிரி மூணு நாலு வரி போதும். வேணும்னா கீரனூர் பஸ் ஸ்டாண்ட்லேர்ந்து உங்க வீட்டுக்கு வர்ற வழியை இன்னைக்கே எழுதச் சொல்லி இங்க போடுங்க, திருத்தித் தரேன். தெருப் பேரு மட்டும் மாத்திடுங்க.

கீரனூர்க்காரி:
பேங்க் விஷயத்துல அதேதான் டீச்சர், ரைட்டுக்கு பதிலா லெஃப்ட். சாயங்காலம் எழுத வச்சு போடுறேன்.