சிறார் இல்லத்தில் பணியாளர்கள் பிள்ளைகளோடு நெருங்கிப் பழகலாமா?

வாசலோரம்:
வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் இந்த இல்லங்களில், புதிதாக வேலைக்கு வருபவரிடம் "பிள்ளைகளிடம் தேவைக்கு மேல் பேச்சு வைத்துக்கொள்ளாதே" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பாதுகாப்புக்காகவாம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஒருவன் சாப்பாட்டை ஒதுக்குகிறான், வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டு மூலைக்குப் போகிறான், வீட்டோடு போனில் பேசியதிலிருந்து வாயே திறக்கவில்லை. அவனோடு பழகியவருக்குத்தான் இது கண்ணில் படும். அன்று இரவு நடக்கவிருந்த சண்டையோ, கையைக் கீறிக்கொள்வதோ அங்கேயே தடுக்கப்படும்.

நேர்கோடு:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்த வேலையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நெருக்கம் பெரும்பாலும் சலுகையில் போய் முடியும். ஒருவனுக்குப் போனில் ஐந்து நிமிடம் கூடுதலாகக் கொடுத்தால் மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அடுத்த ஷிப்டில் விதிப்படி நடப்பவர் கெட்டவர் ஆகிவிடுவார். அதைவிட முக்கியம், பூட்டிய கதவுக்குப் பின்னால் 'பாசம்' காட்டியே பிள்ளைகளைச் சீரழித்த கொடுமை பல நாடுகளில் நடந்திருக்கிறது.

வாசலோரம்:
சலுகை தருவதை நான் உறவு என்று சொல்லவில்லை, நண்பரே. "வழக்கு எப்போது வருகிறது என்று கேட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்றால் நாளைக்கே சொல்ல வேண்டும், பதில் "இன்னும் தெரியவில்லை" என்றாலும் சரி. சொன்னதைச் செய்யும் பெரியவர்களையே பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகள் அங்கே நிறைய. சீரழிவு பற்றி நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் யாரும் யாரோடும் பேசாத இடத்தில்தான் அது வெளியே வராமல் கிடக்கிறது. காவலில் வைக்கப்பட்ட சிறாரின் பாதுகாப்புக்காக 1990இல் ஐ.நா. ஏற்ற ஹவானா விதிகளைப் பாருங்கள். பணியாளருக்குக் குழந்தை உளவியலில் பயிற்சி வேண்டும் என்கின்றன. அடியும் தனிமைச் சிறையும் கூடாது என்கின்றன. பிள்ளைகளின் புகார், வாசகம் திருத்தப்படாமல் மேலிடத்துக்குப் போக வேண்டும் என்றும் இருக்கிறது. பழகுவதும் கண்காணிப்பதும் சேர்ந்தே இருக்கலாம்.

கரையோரக் காற்று:
இடையில் ஒன்று. அமெரிக்காவின் மிசௌரி மாநிலம் பூன்வில் என்ற ஊரிலிருந்த பெரிய சீர்திருத்தப் பள்ளியை 1983இல் மூடிவிட்டு, சிறு இல்லங்களுக்கு மாறியது. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு, அதற்கென்று மாறாத பணியாளர்கள். குழு சிறியது என்பதால்தான் அங்கே பழகவே முடிந்தது.

நேர்கோடு:
நான் சொல்ல வந்ததும் அதுதான். முப்பது பேருக்கு ஒருவர், அதுவும் இரண்டு ஷிப்ட் தொடர்ந்து பார்த்தவர், யாருடைய முகத்தைக் கவனிப்பார்? ஆள் போடாமல் "அன்பாக இருங்கள்" என்று சுற்றறிக்கை விட்டால் பழி மட்டும்தான் பணியாளர் தலையில் விழும். பையனிடம் அடிபட்ட பணியாளரைக் கேட்க நாதியில்லை. மறுநாள் அதே பையன் முன்னால் போய் நிற்க வேண்டும்.

வாசலோரம்:
ஆள் வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். அதுவரை ஒன்றாவது செய்யலாமே. ஷிப்ட் மாறும்போது தலைகளை எண்ணி ஒப்படைப்பதோடு, இன்று யார் எப்படி இருந்தான் என்றும் எழுதித் தரலாம். சண்டையில் ஒருவனைப் பிடித்து அமுக்க வேண்டி வந்தால், பிடித்தவரே அப்புறம் அவனோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கலாம்.

நேர்கோடு:
சரி, இரண்டுக்கும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பேச்சு நடக்கும்போது இன்னொரு பணியாளர் பார்வையில் இருக்க வேண்டும். எழுதும் நேரத்தையும் ஷிப்டுக்குள்ளேயே கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்புகிறவரிடம் நோட்டை நீட்டினால் "எல்லாம் சரி" என்றுதான் எழுதிவிட்டுப் போவார்.