பதிவை மேலே காட்டக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: பழைய பொருள் விற்கும் தளத்தில் 7 நாள் பூஸ்ட் (பதிவை மேலே காட்டும் கட்டண வசதி) வாங்கியாயிற்று. பாதியிலேயே 'விதிமீறல்' என்று பதிவைத் தூக்கிவிட்டார்கள். எந்த விதி என்று சொல்லவில்லை. மீதி நாட்களுக்குப் பணம் கேட்கலாமா?

பதில் 1: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் எதைக் கேட்கிறீர்கள் என்பதில் தெளிவு வேண்டும். பார்வைகள் வந்தும் பொருள் விற்கவில்லை என்றால் வழக்கே இல்லை. அவர்கள் விற்றது இடத்தை, வாங்குபவரை அல்ல. சொன்ன நாட்களுக்குக் காட்டவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு.

பேக்கேஜ் விவரம், ரசீது எண், நீக்கிய அறிவிப்பு, பார்வை எண்ணிக்கை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பதிவை நீங்களே அழிக்காதீர்கள், புள்ளிவிவரமும் கூடவே போய்விடலாம். பிறகு எழுத்தில் கேளுங்கள்: எந்த விதி, எந்த வரி, மீதி நாட்களுக்கான தொகை. சாட்டில் பேசினால் அந்த உரையாடலையும் சேமியுங்கள். பணத்துக்குப் பதிலாக, தளத்திலேயே செலவழிக்கும் 'கிரெடிட்' தருகிறோம் என்பார்கள். அதற்குக் காலாவதித் தேதி உண்டா என்று பாருங்கள்.

பதில் 2: தானாகப் புதுப்பிப்பதை முதலில் நிறுத்துங்கள். கார்டு சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்பது, கடைசி ஆயுதம்தான். கணக்கையே முடக்கிவிடும் தளங்கள் உண்டு. ஆனால் சார்ஜ்பேக்குக்கும் கெடு இருக்கிறது, தளத்தின் பதிலுக்காகக் காத்திருந்து அதைத் தவறவிடாதீர்கள்.

பதில் 3: நீங்கள் வியாபாரியா, வீட்டுப் பொருளை விற்பவரா என்பதும் முக்கியம். இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் சேவை பெறுபவரை நுகர்வோராகக் கருதாது. பிழைப்புக்கான சுயதொழிலுக்கு உள்ள விலக்கு, சட்ட வாசகத்தில், வாங்கிய பொருட்களை மட்டுமே சொல்கிறது, சேவைகளை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய சேவையை 14 நாளுக்குள் பொதுவாக ரத்து செய்யலாம். நீங்கள் கேட்டு உடனே தொடங்கிய சேவை என்றால், ஓடிய நாட்களுக்குக் கழித்துக்கொள்வார்கள்.