விளையில் கிடைத்த செம்புக்காசு: களிம்பைத் தொடலாமா?

தக்கலைப் பக்கத்திலிருந்து:

எங்கள் பக்கம் விளையில், அதாவது தோப்பில், வாழைக்குழி எடுத்தாலும், வீட்டுக்கு வானம் தோண்டினாலும், கிணறு தூர்வாரினாலும் எப்போதாவது ஒரு செம்புக்காசு மண்ணோடு மேலே வந்துவிடும். பெரும்பாலும் திருவிதாங்கூர்க் காசுதான். ஒரு பக்கம் சங்கு, மறுபக்கம் மன்னர் பெயரின் முதலெழுத்துகள். 1956இல் சென்னை மாநிலத்தோடு சேரும்வரை நம் கன்னியாகுமரி மாவட்டம் அந்தப் பக்கம்தானே இருந்தது. பாட்டாமார் சொல்லும் கணக்கு எனக்கு இன்னும் மனப்பாடம்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். வெள்ளைக்காரன் ரூபாய் என்றால் மட்டும் அரைச் சக்கரம் கூடுதல், 28½.

போன மழைக்காலத்தில் பக்கத்து விளைக்காரர் தென்னைக்குத் தடம் வெட்டும்போது கிடைத்தது என்று நாலைந்து காசைத் துணியில் முடிந்து கொண்டுவந்தார். "அண்ணே, புளி போட்டுத் தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கித் தாங்க, பேரனுக்குக் காட்டணும்" என்றார். ஒன்றை அவரே தேய்த்துப் பார்த்திருந்தார். புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. சங்கு இருந்த இடத்தில்தான் ஒரு மேடு மட்டும் மிச்சம்.

ஏன் அப்படி ஆகிறது என்றால், மண்ணுக்குள் கிடக்கும் செம்பின் மேல்பரப்பு முதலில் சிவப்பு ஆக்சைடாக மாறும். அதன்மேல் பச்சைக் களிம்பு படியும். அச்சடித்த எழுத்தும் உருவமும் பல காசுகளில் அந்தச் சிவப்புப் படலத்தில்தான் பிழைத்துக் கிடக்கும். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் களிம்போடு சேர்த்து அதையும் கரைத்துவிடும். வீட்டுச் செம்புக்குடத்தைத் தேய்க்கலாம், உள்ளே நல்ல உலோகம் இருக்கிறது. மண்ணில் கிடந்த காசுக்குள் இருப்பதோ அரித்துக் குழி விழுந்த செம்பு.

கிடைத்த இடத்தையும் விவரத்தையும் முதலில் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தக் காலத்துப் பத்து ரூபாய், இன்னும் அப்படியே இருக்கிறது! பானையோடு கிடைத்தால் வெளியே கொட்டக்கூட வேண்டாம்.

அதற்குப் பிறகுதான் வேலையைத் தொட்டேன். காசு ஒவ்வொன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில், காய்ச்சி வடித்த நீரில் போட்டு, தண்ணீர் கலங்கும்போதெல்லாம் மாற்றினேன். செம்மண் தானாக இளகி வரும்வரை கை வைக்கவில்லை. அப்புறம் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு மூங்கில் பல்குச்சியால் மண்ணை மட்டும் நெம்பினேன். குண்டூசியால் ஒரு கீறு கீறினால் வந்துவிடும்போலத் தோன்றும், அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். கெட்டியாக, வழவழப்பாக இருக்கும் கரும்பச்சையையோ பழுப்பையோ அப்படியே விட்டுவிடுங்கள். அது காசுக்குக் காவல். சங்கு தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். விளைக்காரருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், பளபளப்பு வரவில்லையே என்று.

ஒன்றில் மட்டும் வெளிர்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாக இருந்தது. துடைத்தால் போய்விடும், கொஞ்ச நாளில் திரும்ப வரும். அதுதான் உண்மையான வியாதி. மண்ணிலிருக்கும் உப்பின் குளோரைடு செம்போடு சேர்ந்து உள்ளே தங்கிவிடுகிறது. ஈரமும் காற்றும் பட்டால் அது பச்சைப்பொடியாக மாறும்போது அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் மறுபடி செம்பைத் தின்கிறது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, காற்றில் ஈரம் குறைவதே இல்லை. ஆகவே இந்த ஒரு காசைப் பற்றித்தான் கேட்கிறேன், யாராவது இதை நிறுத்தியிருக்கிறீர்களா?

தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லி எல்லாரும் சொல்கிறார்கள். வேண்டாம் என்பேன். எண்ணெய் சிக்குப் பிடித்தால் அதிலுள்ள கொழுப்பு அமிலமே செம்போடு சேர்ந்து பச்சையாகப் பிசுபிசுக்கும்.

குளச்சலிலிருந்து:

எங்கள் மண் கடலோர மண், இந்த வெளிர்பச்சைப் பொடி எனக்குப் பழக்கமான எதிரி. என் தாய்மாமா வீட்டுக் கிணற்று மண்ணிலிருந்து ஒரு டச்சுக் காசு வந்தது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடையாளமான VOC என்ற மூன்று ஆங்கில எழுத்தும் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னியிருக்கும், அந்த வகை. 1741இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் டச்சுக்காரர்கள் தோற்ற ஊர் என்பதால், அந்தக் காசைப் பார்த்ததும் மாமா குதித்துவிட்டார். நல்லவேளை, கழிவறை ஆசிட்டைத் தேடிப் போவதற்குள் நான் போய்ச் சேர்ந்தேன்.

நான் செய்தது: சலவை சோடாவும் சமையல் சோடாவும் கலந்து 5 சதவீதக் கரைசல், அதில் ஊறவைத்து, கரைசலை அடிக்கடி மாற்றுவது. வாரக்கணக்கில் இழுக்கும், சில காசுக்கு மாதக்கணக்கிலும். குளோரைடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். பச்சையின் நிறம் லேசாக மாறும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, அந்த நீரில் சில்வர் நைட்ரேட் சொட்டுவிட்டுப் பார்க்கலாம். வெள்ளையாகக் கலங்கினால் இன்னும் குளோரைடு இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு ஒரு வேதியியல் ஆசிரியர் செய்து காட்டினார்.

அருங்காட்சியகங்களில் இதற்குமேல் பென்சோட்ரையசோல் என்ற மருந்தில் ஊறவைத்து, மேலே பாரலாய்ட் என்ற பிசின் பூச்சு கொடுப்பார்கள். அந்த மருந்து உடம்புக்கு ஆகாது, வீட்டு அடுப்படியில் வேண்டாம். நான் நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன். ஜெல்லை மட்டும் அவ்வப்போது சூடாக்கி உலர்த்திப் போட வேண்டும். ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது, பொடி வரவில்லை.

கோட்டாறிலிருந்து:

இரண்டு பேரும் சொன்னது சரி. ஆனால் பாதிக் காசுகளுக்கு இவ்வளவும் தேவையே இல்லை என்பது என் கட்சி. படிக்க வேண்டும் என்பதற்காகத்தானே சுத்தம் செய்கிறோம்? முதலில் இருட்டறையில் காசை வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில், தரையோடு தரையாகப் பிடித்துப் படம் எடுங்கள். விளக்கை நாலா பக்கமும் மாற்றி மாற்றிப் பிடியுங்கள். நிழல் விழும்போது மேடு பள்ளம் எழுந்து வரும்.

என்னிடம் ஒருவர் கொண்டுவந்த பச்சை வில்லையில் அப்படித்தான் ஒரு பக்கம் நிற்கும் உருவம் தெரிந்தது. மறுபக்கம் உட்கார்ந்த உருவம், கைக்குப் பக்கத்தில் நாகரி எழுத்து. ராஜராஜன் காசு! கோட்டாறுக்கே சோழர் காலத்தில் மும்முடிச் சோழநல்லூர் என்று பெயர் இருந்தது, ஆகவே இங்கே கிடைத்ததில் வியப்பில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாமல் அடையாளம் தெரிந்துவிட்டது. எடையையும் விட்டத்தையும் குறித்துக்கொண்டு உறையில் போட்டு, எங்கே கிடைத்தது என்று மேலே எழுதிக் கொடுத்தேன்.

இன்னொன்று, கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டுக் கணக்கு, போட்ட திருவிதாங்கூர்க் காசு கிடைத்தால் குழம்ப வேண்டாம். 1114 என்றிருந்தால் சோழர் காலத்தது என்று துள்ளுகிறவர்கள் உண்டு. அது 1938-39.

தக்கலைப் பக்கத்திலிருந்து:

குளச்சல்காரருக்கு நன்றி, அந்த ஒரு காசைச் சோடாக் கரைசலில் போட்டுவிட்டேன். டார்ச் யோசனையையும் மற்ற காசுகளில் பார்க்கப்போகிறேன்.

காய்ச்சி வடித்த நீர் எங்கே கிடைக்கும் என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: பேட்டரிக் கடையில் கேளுங்கள். மினரல் வாட்டர் கேன் போதாது, அதிலும் உப்புகள் உண்டு. ஆனால் சில பேட்டரிக் கடைகளில் தண்ணீர்க் கேனும் ஆசிட் கேனும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பார்த்து வாங்குங்கள்.