கட்டணம் கட்டின பிறகு பேக் பட்டன் சிக்கல்: ஆராவது உதவுங்கோ

வணக்கம். நல்லூர்ப் பக்கம் உள்ள விடுதி ஒன்றின் முன்பதிவுத் தளம். திருவிழாவுக்கு முன்னம் சரிசெய்ய வேணும்.

மொழித் தெரிவுப் பக்கத்தின் சிக்கல் தீர்ந்திட்டுது. அந்தப் பக்கம் 2 செக்கன் கழித்து ஜாவாஸ்கிரிப்ட்டால் தமிழ்ப் பக்கத்துக்கு அனுப்பினது, பிரவுசர் ஹிஸ்டரியில் (பார்த்த பக்கங்களின் வரிசையில்) தானும் ஒரு பதிவாக நிண்டது. பேக் அழுத்தினால் அங்க போய், உடனே திரும்ப முன்னுக்குத் தள்ளும். சர்வரே நேராகத் திருப்பிவிடுற 302 ரீடைரக்ட்டாக மாற்றினதும் சிக்கல் போச்சு; சர்வர் ரீடைரக்ட்டில் இடைப்பக்கம் ஹிஸ்டரியில் ஏறாது. குரோமில் மட்டும் சோதிச்சால் இந்தப் பிழை பிடிபடாது: ஆள் தொடாத பக்கத்தை அது பேக்கில் தானே தாண்டிவிடும். திரையை ஒருக்கால் தட்டிப்போட்டுப் பாருங்கோ, தெரியும்.

மிச்சம் கட்டணம்தான். வங்கிப் பக்கம் முடிவைப் போஸ்ட்டாக (படிவம் அனுப்புற மாதிரி) அனுப்புது, நாங்கள் 303 ரீடைரக்ட் கொடுத்து ரசீதுப் பக்கத்துக்கு விடுறம். ரீஃப்ரெஷ் பண்ணினாலும் போஸ்ட் இரண்டாம்தரம் போகாது, அது சரி. ஆனால் ரசீதில் பேக் அழுத்தினால் காலாவதியான வங்கிப் பக்கம் வருது. சனம் பயந்து திரும்பக் காசு கட்டப் பாக்குது. லொகேஷன் ரீபிளேஸ் எண்ட ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை இப்போதைய பதிவை மட்டும்தான் மாற்றும், முந்தி ஏறினதை அழிக்காது. வங்கிப் பக்கத்தை ஐஃப்ரேமுக்குள் (எங்கட பக்கத்துக்குள்ளேயே இன்னொரு பக்கம் காட்டுற பெட்டிக்குள்) போட்டாலும் உள்ளுக்கு நடக்கிற நகர்வுகள் அதே ஹிஸ்டரியில்தான் சேரும்.

வங்கிப் பக்கத்தைப் புது டாப்பில் திறந்து, முடிஞ்சதும் மூடுற முறையை ஐஃபோன் சஃபாரியில் ஆராவது ஓட்டிப் பாத்தனீங்களோ? பொப்-அப் தடையில் மாட்டாமல் இருக்க, கிளிக் நடக்கேக்கையே வெறும் டாப்பைத் திறந்துவிட்டு, முகவரியைப் பிறகு கொடுக்கிற யோசனை. வேற வழி இருந்தாலும் சொல்லுங்கோ.