புதுப்பிப்பு: டைல்ஸ் பட்டறைக்கு வாங்கிய சின்ன லேப்டாப்

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக் கணக்குக்கு 11.6 அங்குலத் திரை, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இஎம்எம்சி (ஃபைல்களைச் சேமிக்கும் சிப்) உள்ள மலிவு லேப்டாப் போதுமா என்று கேட்டிருந்தேனே, வாங்கி மூன்று மாதமாகிறது.

மின்விசிறி இல்லாததால் சிமெண்டுத் தூசியை உள்ளே இழுப்பதில்லை. காரைக்குடி பஸ்ஸில் மடியில் வைத்தே பில் போட்டுவிடுகிறேன்.

தலைவலி சேமிப்பு இடம்தான். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சமே 64 ஜிபி. அப்டேட் பாதியில் நின்றுவிட்டது. இதில் ரேம், இஎம்எம்சி இரண்டும் போர்டிலேயே பற்றவைத்தவை, மாற்ற வழியில்லை. நீங்கள் சொன்னபடி விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான இயங்குதளத்தைப் போட்டேன், அப்புறம்தான் மூச்சு விட்டது. டிசைன் படங்களெல்லாம் மெமரி கார்டில்.

திரையில் மஞ்சள் வெளுத்துத் தெரிகிறது. சரி, நிறம் கேட்பவர்களுக்கு டைல்ஸையே கையில் கொடுத்துவிடுகிறேன்.